நரம்பெடுத்த பல்லும் வலித்தது

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல். ராத்திரி படுத்தால் போதும், விண் விண்ணென்று தெறிக்கும். கிராம்பை வைத்தே இரண்டு வாரம் ஓட்டினேன். அது கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், சொத்தையை ஒன்றும் செய்யாது. கடைசியில் ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது. ஊசி போட்டிருந்ததால் பல் வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடைதான் வலித்தது.

சிக்கல் அப்புறம்தான். நான்காம் நாளும் இட்லியைக் கடித்தால்கூடச் சுரீர் என்றது. நரம்பே இல்லாத பல் எப்படி வலிக்கும்? "வேரைச் சுற்றியுள்ள தசைநார் உயிரோடுதானே இருக்கிறது" என்றார் டாக்டர். நீலக் காகிதத் துண்டு ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னார். தற்காலிக அடைப்பின் ஓரத்தில் அழுத்தமாக ஒரு நீலப் புள்ளி. மேல்பல் அங்கேதான் முதலில் இடித்திருக்கிறது. அரை நிமிடம் ராவினார். மறுபடி கடித்தேன், புள்ளி மங்கியிருந்தது. இரண்டே நாளில் வலி அடங்கிவிட்டது. அதுவரை விழுங்கிய மாத்திரைகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கேப் போடும்வரை அந்தப் பக்கத்தில் முறுக்கைக் கடிக்கவே இல்லை. கேப்பைத் தள்ளிப்போட்ட பக்கத்து வீட்டு அக்கா, கடலைமிட்டாயில் பல் பிளந்து, பிடுங்கிவிட்டு வந்தார்.