மருத்துவக் கழிவைப் பிரிப்பது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் கிளினிக்குகளிலும் லேப்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நம் இடங்களில் குப்பை அள்ளும் அக்காக்கள் சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், சுவரில் ஒட்டியிருக்கும் மலையாளமும் இங்கிலீஷும் அவர்களுக்கு வாசிக்க வராது. அதனால் நாம் தப்பாகப் போடுகிற ஒரு ஊசி நேராக அவர்கள் கையில்தான் ஏறும்.

முதல் வேலை, வாளிகளை வராந்தாக் கோடியில் வைக்காமல் ஊசி போடும் மேசைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எட்டி இருந்தால் யாரும் நடந்து போய்ப் போட மாட்டார்கள், எல்லாம் ஒரே பையில் விழும்.

அடுத்து நிறம். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி நான்கு. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்து மஞ்சளில். டிரிப் செட், கதீட்டர், யூரின் பை, கிளவுஸ், ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்பில். உடைந்த ஆம்பியூல், கண்ணாடி மருந்துக்குப்பி நீலப் பெட்டியில். ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில். சிரிஞ்சு வந்த காகித உறை சாதாரணக் குப்பைதான், அதையும் மஞ்சளில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு வாளிக்கு மேலும் அதில் விழ வேண்டிய பொருளின் படத்தை ஒட்டி, கீழே தமிழிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்போது ஊசி, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். போட்டு முடித்ததும் மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது, மாட்டும்போதுதான் மற்றக் கையில் குத்தும். அப்படியே நீடில் கட்டரில் விட்டு வெட்டி, சிரிஞ்சைச் சிவப்பில் போடுங்கள். இன்சுலின் சிரிஞ்சில் ஊசி பிரியாது, அதனால் அது முழுசாக வெள்ளை டப்பாவுக்குப் போகும். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள், இன்னும் ரெண்டு கொள்ளும் என்று விரலால் அமுக்குவது பெரிய ஆபத்து.

அப்புறம் பையை இறுகக் கட்டி, பார்கோடு ஒட்டி, பூட்டிய அறையில் வைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் தேங்கக் கூடாது. நம் மாவட்டத்தில் கஞ்சிக்கோட்டிலேயே ஐஎம்ஏ (இந்திய மருத்துவச் சங்கம்) நடத்தும் இமேஜ் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வருகிற லாரிக்காரரிடம் ஒரு பைகூடக் கொடுக்காதீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே வந்து லாரிகளில் திரும்ப அள்ளிப் போனதே, அந்த அசிங்கம் நம் எல்லையிலும் நடக்க வேண்டாம்.

சரி, குத்திவிட்டால்? பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பு டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எல்லோரும் எச்ஐவிக்குத்தான் பயப்படுகிறார்கள். நோயாளிக்கு அந்தத் தொற்று இருந்தாலும் ஒரு குத்தில் பரவும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவுதான். தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்போ நூற்றுக்கு முப்பது வரை போகும்.

அந்தத் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கழிவைத் தொடும் எல்லோருக்கும் அதைப் போட்டுவிடுவது நிர்வாகத்தின் கடமை என்று விதியே சொல்கிறது. சேர்ந்த வாரத்திலேயே கேளுங்கள், குப்பை அள்ளும் அக்காக்களின் பெயரையும் அதே பட்டியலில் எழுதச் சொல்லி.