ஜேசிபி வருவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள்

எங்கள் தெரு மூலை வீட்டுப் பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில் வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டுமாம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ஒரு படி காணாமல் போய், இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கினால்தான் அவர் வீடு. மழை பெய்தால் தண்ணீருக்கும் அதே வழி. ஒவ்வொரு தடவையும் தெருவே கூடி நின்று கத்தியிருக்கிறது, ஆனால் கத்தியதெல்லாம் ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் ரோலர் ஓட்டும் தம்பியிடம் கத்தி என்ன பிரயோஜனம், அவருக்கு அன்றைய கூலிதான் தெரியும். ரோடு எவ்வளவு உயரம், எவ்வளவு சுரண்ட வேண்டும், எவ்வளவு தடிமனுக்குத் தார் போட வேண்டும் என்பதெல்லாம் பல மாதத்துக்கு முன்பே ஒரு எஸ்டிமேட்டில் எழுதி முடிந்துவிட்டது. அந்தக் காகிதத்தைப் பிடிப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன். நான் சென்னைக்காரன், அதனால் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ரோடு யாருடையது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி மனுக்கள் வீணாவது இங்கேதான். மாநகராட்சியில் 200 வார்டு, அவற்றைப் பல மண்டலங்களாகச் சேர்த்திருக்கிறார்கள். உள்தெருக்களை அந்தந்த மண்டல அலுவலகம் பார்க்கிறது. பஸ் ஓடும் சாலைகள் மாநகராட்சியிலேயே தனித் துறையிடம் இருக்கின்றன. அண்ணா சாலை மாதிரி பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆருக்கு அதுவும் இல்லை, அதற்கென்று தனி நிறுவனம். ரோட்டைத் தோண்டிப் போட்டவர்கள் குடிநீர் வாரியமா, மின்வாரியமா, கேபிள்காரர்களா என்பது இன்னொரு கேள்வி. யார் வெட்டினாலும் மாநகராட்சியிடம் ரோடு கட் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும், வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது அந்த அனுமதியையும் நிறுத்திவைப்பார்கள். ஆகவே பள்ளத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, "அனுமதிக் கடிதம் இருக்கா, காட்டுங்க" என்பதுதான். காட்டத் திணறினால் ஒரு போட்டோ எடுத்து, மாநகராட்சியின் 1913 நம்பருக்குக் கூப்பிட்டோ அதன் நம்ம சென்னை ஆப்பிலோ புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்பர் மறந்துபோனால் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறந்த வருஷம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம், அதுவும் 1913தான்.

சரி, தெருவில் ரோடு போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டது. எப்படி விழும்? டீக்கடைதான் பெரும்பாலும். இல்லையென்றால் வார்டு உதவிப் பொறியாளரிடம், எல்லோரும் ஏ.இ. என்பார்களே அவரிடம், நேராகவே கேட்கலாம். தமிழக அரசின் டெண்டர் இணையதளத்திலும் பார்க்கலாம், ஆனால் ஒரு டெண்டருக்குள் பல தெருக்களை மூட்டை கட்டியிருப்பார்கள், உங்கள் தெருப் பெயரை அவர்கள் எந்த எழுத்துக்கூட்டலில் அடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும். எனக்குப் போனது.

அந்தச் செய்தி கிடைத்த அன்றே செய்ய வேண்டியது ஒரு அளவு. ஐம்பது அறுபது ரூபாய் டேப் போதும். தெருவில் நான்கைந்து வீடுகளில், வாசற்படியின் மேல்மட்டத்திலிருந்து ரோடு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து, காம்பவுண்டு சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். மழைநீர் வடிகால் மூடி ரோட்டு மட்டத்துக்கு மேலே நிற்கிறதா கீழே கிடக்கிறதா என்பதையும் எடுங்கள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை ரோட்டு நடுவில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இதைச் செய்யும்போது பக்கத்து வீட்டு மாமா ஒருவர் வந்து, "என்னப்பா, என்ஜினீயர் ஆயிட்டியா" என்று கேட்பார், கேட்கட்டும், அவரையே டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த அளவு கையில் இருந்தால் பிறகு நடக்கும் பேச்சின் தொனியே மாறிவிடும். "ரோடு ரொம்ப உசந்துடுச்சு சார்" என்பதற்கும் "போன மாசம் ஒன்பது அங்குலம் இருந்தது, இன்னைக்கு ஏழரை சார்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதமே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு எழுதிவிட்டார். இதைத்தான் மில்லிங் என்கிறார்கள். எங்கள் தெரு எஸ்டிமேட்டில் 40 மில்லிமீட்டர் என்று இருந்தது. உங்களுடையதில் எவ்வளவு என்று பார்க்க எஸ்டிமேட் நகல் வேண்டும். நல்ல ஏ.இ. என்றால் காட்டிவிடுவார், நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் காட்டினார்கள். காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாள். அதில் இப்படிக் கேளுங்கள்: இன்ன வார்டு, இன்ன தெரு சாலைப் பணியின் எஸ்டிமேட் நகல், பணி ஆணை நகல், அளவுப் புத்தகத்தில் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அந்தப் பணிக்கான பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரரின் குறைபாடு பொறுப்புக் காலம் (ரோடு கெட்டால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி. அவ்வளவுதான். "ஏன் எங்கள் தெருவை மட்டும் புறக்கணிக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்பதற்குக் கோப்பில் பதில் இருக்காது, அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள் கெடு, வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட உரிமை உண்டு. யாரும் ஜல்லியைப் பையில் போட்டு எடுத்துப் போவதில்லை, ஆனால் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி கூட்டம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது, அதனால் கூட்டத்துக்குப் போகும் பழக்கமே நமக்கு விட்டுப்போயிற்று. இப்போது பகுதி சபை இருக்கிறது. கிராம சபை மாதிரிதான், வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை, அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. இதற்கு மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதற்கும் மேலே மண்டலக் குழு. பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கூடுகிறதா என்றால், நீங்கள் தேதி கேட்டு நச்சரித்தால் கூடும். தேதியைக் கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். கவுன்சிலர் பெண் என்றால் போனை எடுப்பது அவர் வீட்டுக்காரராக இருக்கலாம், "அக்காகிட்ட குடுங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், ஓட்டு வாங்கியவர் அக்காதானே.

கூட்டத்தில் நடப்பதைச் சொல்கிறேன். முதல் அரைமணி நேரம் சால்வை. அப்புறம் ஒருவர் எழுந்து குப்பை, கொசு, நாய், தெருவிளக்கு, ரேஷன் கடை என்று பத்து நிமிஷம் பேசுவார், எல்லாவற்றுக்கும் "நடவடிக்கை எடுக்கிறோம்" என்று ஒரே பதில் வரும், முடிந்தது. நீங்கள் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள், ஒரு நிமிஷத்தில். "வணக்கம்மா. எங்க தெருவுல அடுத்த மாசம் ரோடு போடறதா கேள்விப்பட்டோம். எஸ்டிமேட்ல 40 மில்லி மில்லிங் இருக்கு. வேலை நடக்கும்போது ஏ.இ. சார் எதிர்ல அளந்து காட்டணும்னு மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க." கடைசி வாக்கியம்தான் முக்கியம். வாயால் வாங்கிய வாக்குறுதிக்கு அடுத்த கூட்டத்தில் சாட்சி கிடையாது, மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டால் உண்டு. எழுதிய மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து எட்டுப் பேராவது போங்கள், அதில் நான்கு பேர் பெண்களாக இருந்தால் நல்லது, கட்சி ஆள் யாரும் முன்வரிசையில் வேண்டாம். அப்படி ஒருவர் எங்களோடு வந்து உட்கார்ந்த ஒரு தடவை, ரோட்டுப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் ஆளுங்கட்சி எதிர்க்கட்சிப் பேச்சாகிவிட்டது.

ரோடு போடுவது பெரும்பாலும் ராத்திரியில். தெருவில் இரண்டு பேர் முறைவைத்து விழித்திருக்க வேண்டும், அதற்கு மேல் தேவையில்லை. மில்லிங் முடிந்ததும், தார் விழுவதற்கு முன்னால், அதே சாக்பீஸ் கோட்டிலிருந்து மறுபடி அளந்து போட்டோ எடுங்கள். சுரண்டிய தூசியைப் பெருக்கினார்களா, தார்க் கரைசல் தெளித்தார்களா, கலவை லாரியிலிருந்து ஆவி பறக்க விழுகிறதா, வடிகால் மூடிமேல் தாரைக் கொட்டி மூடிவிட்டார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப சகஜம், அடுத்த மழைக்கு முழங்கால் தண்ணீரில் நின்று மூடியைத் தேடுவோம். சண்டை வேண்டாம், ஏ.இ.க்கு வாட்ஸ்அப்பில் போட்டோவை அனுப்புங்கள். ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸாவது ஏ.இ. அளவெடுத்து எழுதிய பிறகுதான், ஆகவே அந்த ராத்திரி போட்டோ அவருக்கே ஒரு பிடிமானம்.

அடுத்தது நிலப் பயன்பாடு, அதாவது பக்கத்து மனையில் என்ன கட்டலாம் என்பது. இது வேறு அலுவலகம், வேறு விளையாட்டு. மண்டலம் என்ற ஒரே சொல்லை மாநகராட்சி நிர்வாகப் பகுதிக்கும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலத்தின் வகைக்கும் சொல்வதால் ஆட்கள் ரிப்பன் மாளிகைக்கும் சி.எம்.டி.ஏ. இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கும் நடுவில் அலைவார்கள். சி.எம்.டி.ஏ.யின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-இல் வந்தது, 2026 வரைக்குமானது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று ஒரு வகை உண்டு. பக்கத்துக் காலி மனையில் என்ன வரலாம் என்பதை அந்த வகையும், தெருவின் அகலமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முதலில் அந்த மனையின் சர்வே எண்ணை, அதாவது நகர அளவை எண்ணைக் கண்டுபிடித்து, சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் அதன் வகையைப் பாருங்கள். வரப்போவது ஏற்கெனவே அந்த வகையில் அனுமதிக்கப்பட்ட கட்டடம் என்றால் உங்களை யாரும் கருத்துக் கேட்கப் போவதில்லை. வகையையே மாற்றக் கேட்டிருந்தால்தான் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்லக் கெடுவும் அதிலேயே இருக்கும். விளம்பரப் பக்கத்தில் பொடி எழுத்தில், சர்வே எண்ணோடு மட்டும் வருவதால் தெருப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. அதனால்தான் எண்ணை முதலிலேயே தெரிந்து வைக்கச் சொன்னேன்.

ஆட்சேபத்தில் "எங்கள் நிம்மதி கெடும்" என்று எழுதுவது வேஸ்ட். மறுபடி டேப்பை எடுங்கள், இந்தத் தடவை குறுக்கே. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், வழக்கமாக அனுமதிக்கும் தளப்பரப்புக்கு மேல் கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் தளப்பரப்பு தெரு அகலத்தைப் பொறுத்தது: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40, 9 முதல் 12-க்குள் 30. கட்டட பிளானில் 12 மீட்டர் என்று காட்டிய தெரு, மனையிலிருந்து மெயின்ரோடு வரைக்கும் எங்கேயாவது 10 மீட்டராகச் சுருங்குகிறதா என்று நான்கைந்து இடத்தில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் கதவு எண்ணோடு ஒரு சின்னப் படம் போட்டு இணையுங்கள். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும், 10,000-க்கு மேல் போனால் அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே தர வேண்டும். அது எங்கே என்று கேளுங்கள். தண்ணி லாரியும் தீயணைப்பு வண்டியும் திரும்பும் முனை, வடிகாலின் அகலம், ஸ்கூல் விடும் நேரம், இவற்றையும் எழுதலாம். ஒரே மனுவை நாற்பது ஜெராக்ஸ் எடுத்து நாற்பது கையெழுத்துப் போடாதீர்கள், அதை ஒரே மனுவாகத்தான் எண்ணுவார்கள். ஐந்து வீடு, ஐந்து விதமான அளவு, ஐந்து கடிதம் போதும். பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் ஒன்று. நேரில் போகிறவர் முத்திரையை வாங்கிய கையோடு அங்கேயே போட்டோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டுவிட வேண்டும், போன தடவை எங்கள் ரசீது ஒரு வேட்டி மடிப்போடு சேர்ந்து சலவைக்குப் போய்விட்டது.