தோட்டத்துத் திடலில் பிள்ளைகளுக்குக் காற்பந்து: முதன்முறையாகப் பழக்கப் போகிறவருக்கு

"அண்ணே, சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க? பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பந்து சொல்லிக்கொடுங்களேன்." மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஓர் அக்கா இப்படிக் கேட்டதில்தான் எனக்குத் தொடங்கியது. உங்களையும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சரி என்று சொல்லிவிடுங்கள். பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் தோட்டங்களில் காற்பந்து வளர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடியுமுன்னே பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போனவர்கள் மதியத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். சாயங்காலம் திடலில் பெரியவர்கள் ஆடுவார்கள். கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டே சிறுவர்கள் கற்றுக்கொள்வார்கள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது, லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். பார்த்துக் கற்றுக்கொள்ளப் பெரியவர்களின் ஆட்டம் இல்லை. அந்த இடத்தைத்தான் நீங்கள் நிரப்பப் போகிறீர்கள்.

கீழே சொல்வதெல்லாம் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு.

படி 1: திடலை நடந்து பாருங்கள்

பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கண்ணாடித் துண்டு, கல், காய்ந்த செம்பனை மட்டை, எறும்புப் புற்று எல்லாவற்றையும் பாருங்கள். செம்பனை மட்டையின் முள் வெறுங்காலில் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது.

அடுத்து கோல் கம்பம். நகர்த்தக்கூடிய இரும்புக் கம்பமாக இருந்தால் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் பின்கட்டையில் மணல் மூட்டை வைத்து அழுத்துங்கள், அல்லது ஆணி அடித்துக் கட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்தக் கம்பமே வேண்டாம், இரண்டு சிலிப்பர் போதும். கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. மேல்கம்பியில் தொங்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு வாரமும் திரும்பச் சொல்லுங்கள்.

படி 2: பந்து

8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3ஆம் எண் பந்து, 8 முதல் 12 வரை 4ஆம் எண். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் கணுக்கால் மடங்கிப் போகும், பிறகு பெருவிரலால் குத்தி உதைக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற உங்களுக்கு ஒரு வருடம் ஆகும்.

ஆளுக்கொரு பந்து இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் இருவருக்கு ஒன்றாவது வேண்டும். பணம் திரட்டினால் ஜெர்சிக்கு முன்னால் பந்து வாங்குங்கள். பெயர் அச்சடித்த ஜெர்சியும் இரண்டே பந்துமாக இருக்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது.

படி 3: வரிசையில் நிற்க வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் பார்த்த பயிற்சி இது: இருபது பிள்ளைகள் ஒரே வரிசை, எதிரே கோன்கள், ஒரே பந்து. ஒருவன் வளைந்து வளைந்து ஓட்டிப் போய் வர 20 விநாடி. அப்படியென்றால் அவனுடைய முறை மறுபடி வர 6 நிமிடம் 40 விநாடி. இருபது நிமிடப் பயிற்சியில் மூன்று முறை, மொத்தம் ஒரே ஒரு நிமிடம் பந்து காலில். மீதி 19 நிமிடம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், சட்டையை இழுக்கிறான், திட்டு வாங்குகிறான். நான் பத்து வயதில் அப்படி நின்றவன். ஓர் ஆண்டு முழுக்க நின்றேன். எனக்குப் பந்து வராது என்று பழக்கியவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். இருபது அடிக்கு இருபது அடி அல்ல, பெரியவர் நடையில் இருபது எட்டுக்கு இருபது எட்டு சதுரம் போடுங்கள். எல்லோரும் ஆளுக்கொரு பந்தோடு உள்ளே. தன் பந்தைக் காத்துக்கொண்டே அடுத்தவன் பந்தை வெளியே உதைத்துவிட வேண்டும். சொல்லிக்கொடுக்காமலேயே பிள்ளை பந்தைக் காலுக்குப் பக்கத்தில் வைக்கும், உடம்பைக் குறுக்கே கொடுத்து மறைக்கும், தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்க்கும். பந்து இருவருக்கு ஒன்றுதான் என்றால் பாதிப் பேர் பந்தோடு, பாதிப் பேர் அதைப் பறிக்க. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பந்து வெளியே போனவனை உட்கார வைக்காதீர்கள். முதலில் தோற்பவன் குறைவாகப் பழகியவன்தான். அவனை உட்கார வைத்தால் இன்னும் குறைவாகத்தான் பழகுவான். பந்தை எடுத்து, அதன் தலையைப் பாதத்தால் மாறி மாறிப் பத்து முறை தொட்டுவிட்டு உள்ளே வரட்டும்.

படி 4: ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்

முதல் வாரம் உள்பாதத்தால் பந்து தள்ளுவது. எல்லோரும் உதைக்கும் காலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஊன்றும் காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் இடைவெளியில், விரல்கள் பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் பந்து மேலே எழும்பும். முழங்கால் கொஞ்சம் மடங்கட்டும். உதைக்கும் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, கணுக்கால் கட்டை மாதிரி இறுகி, உள்வளைவுக்குப் பக்கத்துத் தட்டையான இடம் பந்தின் நடுவில் பட வேண்டும்.

இதையெல்லாம் வாயால் சொல்லாதீர்கள். மூன்று முறை மெதுவாகச் செய்து காட்டுங்கள், போதும். பிறகு இருவர் இருவராகப் பிரித்து, நடுவில் இரண்டு சிலிப்பரை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, அந்த வாசல் வழியாகத் தள்ளச் சொல்லுங்கள். பத்து முறை போனால் இருவரும் ஓர் எட்டு பின்னால் போகட்டும். இடது காலாலும்.

படி 5: சின்ன ஆட்டம்

பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். நால்வருக்கு நால்வர், கோல்காப்பாளர் இல்லை, சின்ன கோல். பதினாறு பேர் வந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆட்டம். பதினொருவருக்குப் பதினொருவர் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். பெரிய திடலில் நாலு கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆடுவார்கள், மற்றவர்கள் காற்று வாங்குவார்கள்.

ஆட்டம் நடக்கும்போது நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. "பாஸ் கொடு, அடி, ஓடு" என்று நான் கத்திக்கொண்டே இருந்தால் அவர்கள் காதால் ஆடுவார்கள், கண்ணால் ஆட மாட்டார்கள்.

தலையால் முட்டுவது

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் வேண்டாம். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 2020இல் இதே வழிகாட்டுதலைக் கொடுத்தது.

இடியும் புகைமூட்டமும்

நம் ஊரில் சாயங்கால இடி தினசரிச் சங்கதி. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரையும் பள்ளிக் கட்டடத்துக்கோ காருக்குள்ளோ கொண்டு போய்விடுங்கள். மரத்தடி கூடாது, திறந்த கொட்டகையும் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருந்துதான் திரும்ப வேண்டும். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், மனம் இளகாதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பயிற்சி கிடையாது. மற்ற நாள்களில் கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். ஒவ்வொருவரும் சொந்தப் போத்தல் கொண்டு வரட்டும்.

படி 6: பெற்றோர்

எங்களிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பந்து காலுக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, கோட்டோரம் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான். அவர் கையைக் காட்டுவார். அதற்குள் பந்து பறிபோய்விடும், அவர் தலையில் அடித்துக்கொள்வார், பையன் குனிந்துகொள்வான். நான் அவரிடம் சண்டை போடவில்லை. "அண்ணே, அந்தப் பக்க ஆட்டத்துக்கு நீங்க விசில் ஊதுறீங்களா?" என்று கேட்டேன். மகன் இல்லாத ஆட்டம் அது. நாலு வாரத்தில் பையன் நிமிர்ந்து முன்னால் பார்க்கத் தொடங்கினான்.

பெண் பிள்ளைகளையும் சேருங்கள். ஒருத்தியாக வந்தால் நிலைப்பது சிரமம், இரண்டு பேராகச் சேர்த்தால் வருவார்கள். அம்மாவிடம் நேரில் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப் தகவல் போதாது.

"நம்மாளுங்க யாராச்சும் மலேசியாவுக்கு ஆடியிருக்காங்களா சார்?" என்று ஒரு நாள் கேட்பார்கள். தயாராக இருங்கள். நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கிய கோல்காப்பாளர் ஆர். ஆறுமுகத்தைச் சொல்லுங்கள். 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென் கொரியாவை 2-1 என வென்ற மலேசிய அணியில் இருந்தவர் அவர். மாஸ்கோ போட்டியை நாடு புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை. கே. ராஜகோபாலைச் சொல்லுங்கள். 2010இல் அவர் பயிற்றுவித்த அணிதான் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்கு முதன்முதலாகக் கொண்டு வந்தது.

படி 7: முடிக்கும்போது

ஆறரைக்கு நிறுத்துங்கள். இன்னும் ஆட ஆசை இருக்கும்போதே நிறுத்தினால்தான் அடுத்த வாரம் ஓடி வருவார்கள். பந்துகளை எண்ணுங்கள், பிறகு தலைகளை எண்ணுங்கள். யார் யாரோடு போகிறார்கள் என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், பெற்றோரின் தொலைபேசி எண்ணோடு. திடலில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருங்கள், தனியாக ஒரு பிள்ளையோடு நிற்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வரும் அப்பாவுக்குத் தாமதமாகும். செம்பனைச் சாலை முனையில் அவருடைய மோட்டார் விளக்கு தெரியும்வரை நீங்கள் இருவரும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருங்கள்.