மருந்து நாய்க்கு, நம்பிக்கை நமக்கு

"மனுஷனுக்காவது நம்பிக்கையால குணமாகும். நாய்க்கு என்ன தெரியும்? அதுக்கே சரியாகுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" விலங்குகளுக்கான மாற்று மருத்துவம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் வாதம் இதுதான். நானும் ரொம்ப நாள் இதை நம்பியிருந்தேன்.

நாய்க்கு நம்பிக்கை கிடையாது, சரி. ஆனால் "நொண்டல் குறைஞ்சிருக்கு" என்று சொல்வது நாய் இல்லையே! 2012இல் வந்த ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தின்றவற்றை மட்டும் பார்த்தார்கள். காலில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதைத் தரையில் பதித்த கருவி அளந்தது. சுமார் 57 சதவீதம் தடவை, கருவி காட்டியதைவிட நல்லபடியாகவே வளர்ப்பவர்கள் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களும் தப்பவில்லை, அவர்களுக்கு 40 முதல் 45 சதவீதம்.

இன்னொன்று, மூட்டுவலி, அரிப்பு, வலிப்பு எல்லாம் ஏறி இறங்கும் நோய்கள். ரொம்ப மோசமான வாரத்தில்தான் புது மருந்தைத் தேடி ஓடுவோம். அடுத்த வாரம் அது தானாகவே தணியும், பெயர் மருந்துக்குப் போகும். வலிப்பு நோய்க்கான ஆய்வுகளில் வெற்று மருந்து மட்டும் பெற்ற 28 நாய்களில் 22க்கு வலிப்பு குறைந்திருந்தது.

அதனால் மருந்தைத் தொடங்கும் முன்பே, நாய் அதே படியில் ஏறுவதைச் சில நாள் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகும் எடுங்கள். எது முன், எது பின் என்று சொல்லாமல் வேறு யாரிடமாவது காட்டுங்கள். பதில் சங்கடமாக இருக்கலாம்.

'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்பது அடுத்தது. உண்ணிக்கென்று கொடுக்கும் பூண்டு, அளவு கூடினால் நாய், பூனை இரண்டுக்குமே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூனைக்கு இன்னும் சீக்கிரம். டீ ட்ரீ என்ற மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் பூனைக்கு விஷம்.

ஹோமியோபதி 30சி என்பது நூறில் ஒரு பங்காக 30 தடவை நீர்த்தது. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். அந்தத் துளி ஒன்றும் செய்யாது. கெடுதல், அதை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் இருக்கிறது. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்குகிறது, ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

சந்தேகப்படுகிறவர்கள் செய்யும் தவறும் உண்டு: கேலி. கிண்டலுக்குப் பயந்தே பலர் கொடுத்ததை மருத்துவரிடம் சொல்வதில்லை. அப்புறம் அவர் ரத்தசோகைக்குக் காரணம் தேடிப் பரிசோதனைமேல் பரிசோதனை எழுதிக்கொண்டிருப்பார், பூண்டு வீட்டு அடுப்படியில் இருக்கும்.