அதிவேகக் காரைச் சோதித்து ஓட்டுமுன் பிரேக்கைக் கவனிக்கும் முறை

தொப்பூர்க் கணவாயில் சரக்கு லாரிகள் இறங்குவதைப் பார்த்துப் பழகிய தர்மபுரிக்காரர்களுக்கு, பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதிவேகக் காரைச் சோதித்து ஓட்டுபவருக்கும் முதல் எதிரி அந்தச் சூடுதான். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடும் காரை நிறுத்த, 100-இல் ஓடுவதை நிறுத்துவதைவிட நான்கு மடங்கு வெப்பத்தைப் பிரேக் தாங்க வேண்டும். பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயிலில், டாட் 4 என்ற தரவகை புதியதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலோ 155 டிகிரியை ஒட்டியே கொதித்துக் குமிழியாகலாம், அந்தக் குமிழி மிதிக்கும்போது சுருங்கிவிடுவதால் பெடல் தரைவரை அமுங்கும், வண்டி நிற்காது.

ஆகவே, ஆயிலை முன்கூட்டியே மாற்றச் செய்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் தடிமனையும் டயரின் காற்றழுத்தத்தையும் நீங்களே பாருங்கள். மெக்கானிக் பார்த்துவிட்டார் என்ற வாய்ச்சொல் போதாது. ஹெல்மெட்டும் தீத்தாங்கும் உடையும் இல்லாமல் ஏறாதீர்கள். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை காலியாகத் தெரிந்தாலும் அது சோதனைக்கான இடமன்று. ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆட்களும் தயாராக நிற்கும் மூடிய ஓடுதளத்தில் மட்டுமே, சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டுங்கள். முடிந்ததும் உடனே ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், ஒரு சுற்று மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆற விடுங்கள். பெடல் ஒருமுறை பஞ்சுபோல் அமுங்கினாலும், மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அன்றைய ஓட்டத்தை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.