திவசத்துக்கு ஊர் போகிறவர்களுக்கு நாழிகைக் கணக்கு

அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டபோது, பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பஞ்சாங்கப் பக்கம்தான் கையில் இருந்தது. திதிக்கு நேரே 18.45 என்று போட்டிருந்தது. பின்னேரம் 6.45 வரை திதி நிற்கும் என்று நினைத்து, கொழும்பில் இரவு தங்கி, காலை பஸ் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் வீட்டுப் படலையைத் திறக்கும்போது மூன்று மணி. திதி போய்விடும் என்று ஐயர் சொல்ல, தம்பி எல்லாம் செய்து முடித்திருந்தான். கிணற்றடியில் வாழையிலைகள் கிடந்தன.

அந்த 18.45 மணிக்கூட்டு நேரம் இல்லை. 18 நாழிகை, 45 விநாழிகை. இது தெரிந்திருந்தால் இரவு பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன்.

கணக்கு சின்னது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி. ஆனால் 24ஆம் வாய்ப்பாடு தேவையில்லை. ஐந்துக்கு இரண்டு என்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: 5 நாழிகை 2 மணித்தியாலம், 5 விநாழிகை 2 நிமிடம்.

18.45ஐயே போட்டுப் பார்ப்போம். 15 நாழிகைக்கு 6 மணித்தியாலம். மிச்சம் 3 நாழிகை, 72 நிமிடம். 45 விநாழிகைக்கு 18 நிமிடம். எல்லாம் சேர்த்தால் ஏழரை மணித்தியாலம். இதைச் சூரிய உதயத்தோடு கூட்ட வேண்டும், நள்ளிரவோடு அல்ல. உதயம் 6.10 என்றால் திதி முடிவது பிற்பகல் 1.40.

உதயம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். யாழ்ப்பாணத்தில் ஜூன் மாதம் 5.50 அளவில் விடியும், ஜனவரியில் 6.30 தாண்டும். நீங்கள் வாழும் நாட்டின் உதயத்தைப் போட்டால் கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும்.

இன்னொரு இடத்திலும் சறுக்கும். 55 நாழிகை என்றால் உதயத்திலிருந்து 22 மணித்தியாலம், அதே 6.10 உதயத்துக்கு விடியப்புறம் 4.10. காலண்டரில் மறுநாள் திகதி பிறந்திருக்கும், பஞ்சாங்கத்துக்கோ இன்னும் முதல் நாள்தான். டிக்கெட் போடுமுன் இதைப் பாருங்கள்.

சில பஞ்சாங்கங்களில் மணி நிமிடமும் பக்கத்தில் இருக்கும். அப்படியிருந்தால் நல்லது. ஆனால் பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை; இரண்டும் ஒரே நேரத்தைச் சொல்லாது. வீட்டில் எது பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். எந்த நாளில் திவசம் என்பதை ஐயர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், வெளிநாட்டிலேயே நின்றுவிட்ட உறவுகள் அதே நேரத்தில் விளக்கேற்ற விரும்பினால், ரொறன்ரோவுக்குக் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் கழியுங்கள். லண்டனுக்கு ஐந்தரை, நாலரை. நம்முடைய பிற்பகல் 1.40, குளிர்கால ரொறன்ரோவில் அதிகாலை 3.10. அலாரம் வைக்கச் சொல்லி முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.