விலைவாசி பதிலை வைத்து ஓட்டுக் கணக்குப் போடுவது எப்படி?

தேர்தல் கருத்துக்கணிப்புக்காகப் பல வருஷம் படிவத்தோடு படியேறியவன் நான். பொருளாதாரக் கேள்விகளுக்கு வரும் பதிலை அப்படியே கூட்டிப் போட்டால் கணக்குத் தப்பும். நான் செய்யும் முறை இது.

முதலில், கேள்வி வரிசை. கட்சியைக் கேட்டுவிட்டுப் பொருளாதாரத்தைக் கேட்காதீர்கள். கட்சிப் பெயரைச் சொன்ன வாய் அதற்கேற்பத்தான் அடுத்த பதிலையும் சொல்லும்.

அடுத்து, வீட்டு நிலையையும் நாட்டு நிலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆரம்ப நாட்களில் ஒரு அம்மா, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க, நாடுதான் ரொம்ப மோசமாப் போச்சு" என்றார். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. சொந்தப் பையைவிட நாட்டு நிலை பற்றிய எண்ணமே ஓட்டை அதிகம் தீர்மானிக்கிறது என்று கிண்டர், கீவியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு பதிலும் முரண்பட்டால் நாட்டு நிலைக்கே கூடுதல் எடை கொடுங்கள்.

சரி, விலைவாசிக்கு வருவோம். பலர் சறுக்குவது இங்கேதான். பணவீக்கம் குறைந்தால் விலை குறையாது, ஏறும் வேகம்தான் குறையும். 100-க்கு விற்றது 109 ஆகி, மறுவருஷம் 112 ஆனால் அரசுக்கு அது நல்ல செய்தி. வாங்குகிறவர் மனதில் நிற்பதோ இன்னமும் அந்த 100. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2024 அக்டோபரில் 2.6-க்கு இறங்கிவிட்டது. அடுத்த மாதமே ஆளுங்கட்சி தோற்றது. அதனால் "எப்போது இருந்த விலையோடு ஒப்பிடுகிறீர்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மீட்சி மக்கள் மனதுக்கு வந்து சேர நாளாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 1991 மார்ச்சிலேயே அமெரிக்காவில் பொருளாதார மந்தநிலை முடிந்துவிட்டது. ஆனால் வேலையின்மை 1992 ஜூன் வரை ஏறி 7.8 சதவீதத்தைத் தொட்டது. நவம்பர் தேர்தலில் அதிபர் புஷ் (அப்பா புஷ்) தோற்றார். மந்தநிலை எப்போதோ முடிந்துவிட்டது என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு டிசம்பரில்தான் வந்தது. பாவம் மனிதர்!

அப்புறம், தீவிரக் கட்சிக்காரர்களின் பதிலைத் தனியே ஒதுக்குங்கள். ஆட்சி மாறிய மறுவாரமே பொருளாதாரம் அவர்களுக்கு நல்லதாகவோ மோசமாகவோ மாறிவிடும், சம்பளம் அதேதான். கட்சிப் பிடிப்பு இல்லாதவர்களின் பதில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கடைசிக் கேள்வி: "இதற்கு யார் காரணம்?" மத்திய அரசா, மாநில அரசா, வெளிநாட்டுப் போரா? மோசம் என்கிறவர் எல்லோரும் ஆளுங்கட்சியைக் குற்றம் சொல்வதில்லை. இந்த இடத்தைக் காலியாக விட்டு வரும் படிவத்தை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை, திரும்பப் போய்க் கேட்டு வரச் சொல்லிவிடுவேன்.